வேலையை விடாமல் பாலினவியல் படிப்பது: தருமபுரியிலிருந்து ஓர் அனுபவம்

பாலினவியலை, அதாவது ஆண், பெண் என்று சமூகம் பிரித்து வைத்திருப்பதை ஆராயும் துறையை, வேலை பார்த்துக்கொண்டே படிப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. கல்லூரிக்கு முழுநேரமாகப் போக வழியில்லாதவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதலாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு படித்த பாடத்தை மறுநாள் ஊருக்குள் நேரில் பார்க்கலாம். பார்த்தது பாடத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் திரும்பி வந்து பாடத்தைக் கேள்வி கேட்கலாம். வகுப்பறையிலேயே நாள் முழுக்க இருப்பவருக்கு இது அவ்வளவு சுலபமாக வாய்க்காது.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஒருங்கிணைப்பாளர். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களுக்குப் போவேன். தீர்மானப் புத்தகமும் சேமிப்புப் பதிவேடும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். வங்கிக் கடனுக்கான தாள்களைத் தயார் செய்து கொடுப்பேன். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பிறந்ததே எங்கள் மாவட்டத்தில்தான். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. என் அம்மா கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடப் பழகியது அப்படி ஒரு குழுவில்தான்.

இதே மாவட்டம் பெண்சிசுக் கொலைக்கும் பேர் போனது. பெற்றோர் வேண்டாம் என்று விடும் குழந்தையை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் இங்கும் நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரியில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 2011இல் அது 900ஐத் தாண்டியது. குழு வந்தது, கடன் வந்தது, பெண்கள் வங்கிக்குப் போய் மேலாளரோடு பேசினார்கள். அதே ஊர்களில், அதே ஆண்டுகளில், பெண் குழந்தை வேண்டாம் என்ற முடிவும் எடுக்கப்பட்டது. இரண்டும் எப்படி ஒரே வீட்டுக்குள் இருக்க முடிந்தது? எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சிக் கையேடுகளில் இதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் படிக்கப் போனேன்.

தேடியபோது எனக்குத் தோதாக இருந்தது இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985இல் தொடங்கப்பட்டது. அதில் பாலினத்துக்கென்றே தனியாக ஒரு புலம் இருக்கிறது. அங்கே இரண்டு எம்.ஏ. படிப்புகள். ஒன்று பெண்கள் மற்றும் பாலினவியல், மற்றொன்று பாலினமும் வளர்ச்சியும். பெயரைப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே பாதை வேறு. முதலாவது கோட்பாடு, அதிகாரம், உடல், இலக்கியம் என்று போகும். இரண்டாவது திட்டங்களை எப்படி அலசுவது, அரசின் நிதிநிலை அறிக்கையைப் பெண்கள் பக்கம் நின்று எப்படிப் படிப்பது, பயிற்சி எப்படிக் கொடுப்பது என்று போகும். எழுத்து, ஊடகம், ஆசிரியப் பணி என்று இருப்பவர்களுக்கு முதலாவது பொருந்தும். குழு வேலை, அங்கன்வாடி, ஊராட்சி, தொழிற்சாலை மனிதவளத் துறை என்று இருப்பவர்களுக்கு இரண்டாவது. நான் இரண்டாவதில் சேர்ந்தேன். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், எந்தப் பாடத்தில் என்று கேட்பதில்லை. குறைந்தது 2 ஆண்டு. அதிகபட்சம் 4 ஆண்டு வரை இழுத்துப் படிக்கலாம். நடுவில் பிரசவம், வீட்டில் நோயாளி, வேலை மாற்றம் என்று வரும் பெண்களுக்கு அந்த இரண்டு ஆண்டு இடைவெளி பெரிய விஷயம்.

சேருவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப் புத்தகங்கள் எல்லாம் இ-ஞானகோஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேராதவர்களும் இறக்கிப் படிக்கலாம். எந்தப் படிப்பை நினைத்திருக்கிறீர்களோ அதன் முதல் பாடத்தில் ஓர் அலகை எடுத்து ஒரு வாரம் படித்துப் பாருங்கள். பிடிக்கிறதா, ஆங்கிலம் தாங்குகிறதா, உங்கள் வீட்டில் எந்த நேரம் அமைதியாக இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் ஒரு சுவை பார்க்க வேண்டுமானால், ஐ.நா. பெண்கள் அமைப்பின் பயிற்சி மையம் இலவசமாக நடத்தும் அடிப்படைப் பாடம் இருக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம்.

நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் கழன்றுகொள்கிறார்கள். இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம், 8 கிரெடிட் என்றால் 240. ஒப்படைப்பு (அசைன்மென்ட்) எழுதுவது, படித்ததை அசை போடுவது எல்லாம் இதற்குள் அடக்கம். தினமும் ஒரு மணி நேரம், ஞாயிறு மட்டும் கூடுதலாக என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டுப் பாடங்களைத் தேர்வுக்கு முன் ஒரு முறையாவது வாசித்துவிடலாம். விடுமுறையில் மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்று வைத்தவர்கள் படித்ததை நான் பார்த்ததில்லை. பெண்களுக்கு விடுமுறை நாளில்தான் வேலை அதிகம்.

மொழி இன்னொரு தடை. நான் தமிழ்வழியில் படித்தவள். தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எனக்கு உதவிய முறை இது: ஒவ்வோர் அலகையும் முதலில் ஒரு தோழிக்குத் தமிழில் வாயால் சொல்லுவேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. தமிழில் தடங்கலில்லாமல் சொல்ல வந்தால் பாடம் புரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுவேன். நீளமான ஆங்கில வாக்கியத்துக்குத் தனியாக மதிப்பெண் இல்லை. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து படித்த நாலைந்து பேர் இப்படிச் சேர்ந்துகொண்டோம். எல்லோருமே வேலை பார்ப்பவர்கள். ஒருவர் கிராம சுகாதார செவிலியர், ஒருவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், அவர் ஆண். ஒரே பாடத்தை ஆளுக்கொரு கதையோடு சொன்னார்கள். அந்தக் குரல் பதிவுகள்தான் எனக்கு வகுப்பறை.

படிப்பு வேலைக்குள் நுழைந்த இடத்துக்கு வருகிறேன்.

பாலினப் பகுப்பாய்வு என்ற பாடத்தில் ஹார்வர்ட் சட்டகம் என்று ஒன்று வரும். 1985இல் வெளிவந்தது. ஒரு குடும்பத்தில், ஒரு தொழிலில், எந்த வேலையை யார் செய்கிறார்கள், எந்தப் பொருளை யார் பயன்படுத்த முடிகிறது, அதன்மேல் முடிவெடுப்பது யார் என்று கட்டம் போட்டு மூன்று பத்திகளில் தனித்தனியாக எழுதச் சொல்லும். கேட்க எளிதாக இருக்கும். ஒப்படைப்புக்காக இதை நான் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் போட்டுப் பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் மல்பெரித் தோட்டம் நிறைய. தருமபுரியிலேயே அரசுப் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது.

வேலைப் பத்தி வேகமாக நிரம்பியது. இலை பறிப்பது, புழுவுக்குப் போடுவது, எச்சத்தையும் மீந்த இலையையும் எடுத்துப் படுக்கையைச் சுத்தம் செய்வது, பழுத்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகையில் (புழு கூடு கட்டும் தட்டு) விடுவது, எல்லாம் பெண்கள். நாலாவது தோலுரிப்புக்குப் பிறகு புழு இரவு பகல் பார்க்காமல் தின்னும். அந்த நாட்களில் வீட்டுப் பெண்கள் சரியாகத் தூங்குவதில்லை. குச்சி வெட்டுவது, மருந்தடிப்பது, கூட்டை வண்டியில் ஏற்றி அங்காடிக்குக் கொண்டுபோவது ஆண்கள். ஏலத்தில் நிற்பதும் அவர்கள்தான். நான் போன வீடுகளில் நிலம் ஆண் பெயரில், அதனால் பதிவும் ஆண் பெயரில், பணமும் அவர் கணக்கில். மூன்றாவது பத்தியை எழுதிவிட்டேன்: முடிவெடுப்பவர் கணவர்.

ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு மறுத்தார். "பணம் அவுரு கணக்குலதாம்மா வருது. கார்டு என்னோட சுருக்குப்பைல கெடக்குது. நான் எடுத்துக் குடுத்தாத்தான் அவுருக்கு டீத்தண்ணி." பாடத்தில் இருந்த கட்டத்துக்குள் அவர் அடங்கவில்லை. அப்போது வேறு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. யாரையும் கேட்காமல் நீங்களாகவே எவ்வளவு செலவு செய்யலாம்? மளிகை, பிள்ளை பீஸ், மாத்திரை எல்லாம் அவர் முடிவு. கம்மலை மீட்க, தங்கச்சி மகள் சீருக்கு, கேட்க வேண்டும். நிலத்தில் போர் போடுவது, மாடு விற்பது, மகளை எதுவரை படிக்க வைப்பது என்றால் கேட்பதுகூட இல்லை, அவருக்குச் சொல்லப்படும். பணத்தைக் கையில் வைத்திருப்பதும் அதன்மேல் அதிகாரம் இருப்பதும் வேறு வேறு என்பதை எனக்கு இவ்வளவு தெளிவாகப் புத்தகம் காட்டவில்லை. ஆனால் புத்தகத்தின் அந்த மூன்றாவது பத்தி இல்லாமல் இருந்திருந்தால் நான் அந்தக் கேள்விக்கே போயிருக்க மாட்டேன். கேட்காமல் எவ்வளவு செலவு செய்யலாம் என்ற கேள்வியை இன்றுவரை எல்லாக் குழுக்களிலும் கேட்கிறேன். கடன் யார் பெயரில் என்று கேட்பதைவிட இதில் உண்மை வெளியே வருகிறது. களப்பணியில் இருப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நேரம். மத்தியப் புள்ளியியல் துறை 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் அது 289, 88 என்று வந்தது. இருவருக்கும் குறைந்தது, இடைவெளி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த 97 நிமிடமும் ஏதாவது வேலை செய்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. 2019இல் அப்படிச் செய்தவர்கள் ஆண்களில் சுமார் 26 விழுக்காடு, பெண்களில் 81. இந்த எண்ணை அப்படியே குழுவில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஆளுக்கு 24 புளியங்கொட்டை கொடுத்தேன். ஒரு கொட்டை ஒரு மணி நேரம். தரையில் கட்டம் போட்டு, தூக்கம், சமையல், தண்ணீர், மாடு, நூறு நாள் வேலை, பிள்ளை, டிவி என்று பிரித்து வைக்கச் சொன்னேன். பிறகு கணவருக்கும் அதே கொட்டைகளை வைக்கச் சொன்னேன். கணவர் கட்டத்தில் "சும்மா" என்று ஓர் இடம் அவர்களாகவே போட்டார்கள். தங்கள் கட்டத்தில் யாரும் அதைப் போடவில்லை.

இந்தப் பயிற்சியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடுப்பில் சோறு வேகும்போது பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் கொட்டையை எங்கே வைப்பார்? ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வதைக் கொட்டை காட்டாது. அரசுக் கணக்கெடுப்பு காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை அரைமணி அரைமணியாகப் பதிவு செய்கிறது, அதிலும் இதைப் பிடிப்பது கடினம்தான். ஒப்படைப்பில் இதை எழுதினேன். கொடுத்த கோட்பாட்டை ஒப்புவிப்பதைவிட, அது உங்கள் ஊரில் எங்கே நிற்கவில்லை என்று காட்டினால் திருத்துபவர் கவனிக்கிறார் என்பதைக் கண்டுகொண்டேன்.

படிப்பு என்னை அதிகம் உலுக்கியது சொத்து விஷயத்தில். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டு ஆனது. 1989இல் வந்த மாநிலத் திருத்தம் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு என்றது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகள்களுக்கு அது இல்லை. எங்கள் குழு ஒன்றில் அக்கா தங்கை இருவர். அக்காவுக்குக் கல்யாணம் 1987இல், தங்கைக்கு 1991இல். ஒரே அப்பா, ஒரே நிலம், தங்கைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது: அவசியமில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடிந்த சொத்தைத் திரும்பக் கிளற முடியாது. அப்பா தானாகச் சம்பாதித்த சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். இவ்வளவும் கடன் பதிவேடு பார்க்கும் எனக்கு முன்னால் தெரியாது. ஒரு பாடத்தின் ஓர் அலகைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய்த் தெரிந்துகொண்டேன்.

சட்டம் தெரிந்ததும் எல்லோரும் பங்கு கேட்டார்களா என்றால், கேட்கவில்லை. அக்காவும் தங்கையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். நான் கேட்டபோது தங்கை சொன்னது: "பங்கு கேட்டுட்டா அப்பறம் அண்ணன் வூட்டு வாசப்படி மிதிக்க முடியுமா? நாளைக்கு எம்பொண்ணு சீருக்குத் தாய்மாமன்னு யாரு வந்து நிப்பாங்க?" இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார். புகுந்த வீட்டில் அடி விழுந்தால் திரும்பி வர இருக்கும் ஒரே கதவு அண்ணன் வீடு. அந்தக் கதவுக்கு அவர் கொடுக்கும் விலை அந்த நிலம். கதவு திறந்திருக்க நிலத்தை விட வேண்டும் என்ற நிலை ஏன் இருக்கிறது என்பதுதான் பாலினவியல் கேட்கும் கேள்வி. மாக்சின் மாலினெக்ஸ் என்ற ஆய்வாளர் நிகரகுவாவைப் பற்றி 1985இல் எழுதிய கட்டுரையில், பெண்களின் அன்றாடத் தேவைகளையும் நிலைமையையே மாற்றும் நலன்களையும் பிரித்துக் காட்டினார். குழாய்த் தண்ணீர் முதல் வகை, பட்டாவில் பெயர் இரண்டாவது வகை. நாங்கள் இத்தனை ஆண்டும் முதல் வகையிலேயே நின்றுவிட்டோம் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. நான் முதலில் சொன்ன கேள்விக்கும் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. கடன் புத்தகத்தில் பெயர் வந்தது. நிலத்திலும் வாரிசுக் கணக்கிலும் வரவில்லை. மகள் வேறு வீட்டுக்குப் போகிறவள், சீர் கொண்டுபோகிறவள் என்ற கணக்கை எந்தச் சேமிப்புப் பதிவேடும் தொடவில்லை.

இப்போது எங்கள் குழுக்களில் விடுதலைப் பத்திரம் எழுதப்போகும் பெண் கேட்டால், கையெழுத்துக்கு முன் பத்திரத்தை வாங்கி உரக்கப் படித்துக் காட்டுகிறோம். எவ்வளவு நிலம், இன்றைய மதிப்பு என்ன, பதிலாக என்ன கிடைக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல், தனியாக அவரிடம் சொல்கிறோம். முடிவு அவருடையது. சிலர் முழுதும் விடுகிறார்கள். சிலர் வீட்டுமனையாவது கேட்டு வாங்குகிறார்கள்.

ஒப்படைப்புக்காகக் கேள்வித்தாளோடு ஊருக்குள் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வீட்டு வேலை, பணம், முடிவு என்று கேட்டுக்கொண்டே போனால் அடுத்த வாக்கியத்தில் அடி உதை வந்துவிடும். கேட்டவர் பேனாவை மூடிக்கொண்டு போகக் கூடாது. போவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை: பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098, மாவட்டத்தில் உள்ள சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தின் முகவரி, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரின் எண். வேலை செய்யும் இடத்துத் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். மாமியார் கொல்லைப்புறத்தில் இருக்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்காதீர்கள். பெயரை எழுதாதீர்கள், ஊர்ப் பெயரையும் மாற்றுங்கள். நம் மதிப்பெண்ணுக்காக யாருடைய வீட்டிலும் சண்டை வரக் கூடாது.

பாலினவியல் என்றால் பெண்களைப் பற்றி மட்டும் என்று நினைத்துச் சேருகிறவர்கள் உண்டு. இந்தியாவில் இந்தத் துறை பெண்கள் நிலை குறித்த 1974ஆம் ஆண்டு அரசுக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு வேகம் பிடித்தது. 1901இல் 1000 ஆண்களுக்கு 972ஆக இருந்த பெண்கள் 1971இல் 930ஆகக் குறைந்ததை அது நாட்டின் முன் வைத்தது. வீணா மஜும்தார், லோதிகா சர்க்கார் போன்றோர் அந்த வேலையில் இருந்தவர்கள். அங்கிருந்து இப்போது ஆண்மை என்று எதைச் சொல்கிறோம், திருநர் உரிமை, இடைப்பால் குழந்தைகள் (ஆண், பெண் என்று திட்டமாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறப்பவர்கள்) என்று பாடம் விரிந்திருக்கிறது. தமிழ்நாடு இதில் சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது. திருநங்கைகளுக்கான நல வாரியம் 2008இல் இங்கே அமைந்தது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள்தான் என்று தீர்ப்பளித்தது, இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவைச் சிகிச்சை கூடாது என்றும் சொன்னது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி 2021இல் நடந்தது. சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதவில்லை என்று உத்தரவில் எழுதி, ஓர் உளவியலாளரிடம் அமர்வுக்குப் போய்க் கற்றுக்கொண்ட பிறகே அவர் விரிவான உத்தரவைப் பிறப்பித்தார். உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் பணியில் இருந்தபடியே பாலினம் படித்தார். வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று தயங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தேர்வு பற்றிச் சுருக்கமாக. ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, ஆண்டிறுதித் தேர்வுக்கு 70. தேர்ச்சிக்கு 40 விழுக்காடு வேண்டும். ஒப்படைப்பு கொடுக்காமல் தேர்வு மட்டும் எழுதினால் படிப்பு முடியாது. ஒப்படைப்புக் கேள்விகளை முதல் நாளே அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, அதை வைத்துப் பாடத்தைப் படியுங்கள். ஒப்படைப்பைக் கையாலேயே எழுதுங்கள், தேர்வில் மூன்று மணி நேரம் எழுதும் பழக்கம் விட்டுப்போன கைக்கு அதுவே பயிற்சி. கொடுத்ததற்கு அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள், எழுதியதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். நான் சேலம் மையத்தில் எழுதினேன். பட்டுக்கூடு சீசனோ, வங்கிக் கடன் வழங்கும் முகாமோ தேர்வோடு மோதினால் ஒன்றிரண்டு தாளை அடுத்த முறைக்குத் தள்ளிவிடலாம். அதற்குத்தானே அந்த 4 ஆண்டு.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிப்பு நேரம் யாராவது ஒருவருடைய நேரத்திலிருந்துதான் வரும். பெரும்பாலும் படிக்கும் பெண்ணின் தூக்கத்திலிருந்து வருகிறது. பாலினவியலைத் தூக்கத்தை அறுத்துப் படிப்பது எனக்கு ஒப்பவில்லை. சேர்க்கை விண்ணப்பம் போட்ட அன்றே வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். இரவு பாத்திரமும் காலை டிபனும் கணவர். பையன் துணி. ஞாயிறு மதியச் சமையல் என் கணவரும் அத்தையும். அத்தைக்கு முதலில் மனம் வரவில்லை. "ஆம்பளப் புள்ளய அடுப்புல நிக்க வெக்கறியே கண்ணு" என்றார். வாதாடாமல், அவரிடம் அவர் பட்ட கதையைக் கேட்டேன். ஒன்பது பேர் குடும்பத்துக்குக் களி கிண்டிய கை அது. என் ஒப்படைப்பு ஒன்றுக்கு அவர் வாழ்க்கைதான் பொருளானது. எழுதியதைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். அதன் பிறகு நான் படிக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் "அவ படிக்கறா" என்று அவரே பதில் சொல்லி அனுப்பினார். பேசி வாங்கும் நேரம்தான் நிற்கும். கேட்காமலே புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தால் முதல் ஆண்டே நின்றுபோகும்.

இந்தப் பட்டத்தால் வேலை கிடைக்குமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். பட்டத்தை மட்டும் காட்டினால் திறக்கும் கதவுகள் குறைவு. தொண்டு நிறுவனங்கள், சகி மையங்கள், அரசின் மகளிர் திட்டங்களில் ஒப்பந்தப் பணிகள், உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினர் பொறுப்பு, பயிற்சியாளர் வேலை இவற்றில் கள அனுபவத்தோடு சேர்ந்தால் மதிப்பு உண்டு. கல்லூரி விரிவுரையாளர் ஆக நினைப்பவர்கள் நெட் தேர்வில் பெண்ணியல் ஒரு பாடமாக இருப்பதைக் கவனிக்கலாம். எனக்குச் சம்பளம் பெரிதாக ஏறவில்லை. கூட்டத்தில் நான் கேட்கும் கேள்வி மாறியது, பதிவேட்டில் நான் தேடும் பத்தி மாறியது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இத்தனை பெண்களுக்கு இத்தனை லட்சம் கடன் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது அதில் எத்தனை பேர் அந்தப் பணத்தைத் தாங்களே முடிவெடுத்துச் செலவழித்தார்கள் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அந்த வரிக்காக மேலே பல கூட்டங்களில் பேச வேண்டியிருந்தது. எண் சிறியதாக வரும், நிதி கொடுப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்தார்கள். சிறியதாகத்தான் வந்தது. அதை அப்படியே அச்சில் போட்டோம்.

சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் இணையத்திலேயே. சேரும் முன் தொலைநிலைக் கல்விக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டுக்கு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து சேருகிறவர்களுக்கு எங்கள் குரல் பதிவுக் குழுவில் எப்போதும் இடம் உண்டு. ஏதாவது ஒரு சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு வந்து விசாரித்தால் என்னிடம் அனுப்பிவைப்பார்கள்.